மாமாவின் டிஸ்கெட் பெட்டியும் இரண்டாவது துளையும்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில், சிங்கப்பூரின் தேக்கா பக்கத்துக் காப்பிக்கடையில் பழைய நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சு எப்படியோ பழைய கணினிகள் பக்கம் போயிற்று. அவர் வீட்டில் இன்னும் ஓர் அமிகா 500 இருக்கிறது, ஓடவும் செய்கிறது. "ஹெச்டி டிஸ்கெட்டை டிடி டிரைவில் போட்டால் ஒன்றும் ஆகாது. பத்து வருஷம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். எல்லாம் கையேட்டில் எழுதிவைத்த பயம்" என்றார். டிடி என்பது இரட்டை அடர்த்தி கொண்ட பழைய வகை டிஸ்கெட் (பிளாப்பித் தட்டு), ஹெச்டி என்பது அதைப்போல் இரு மடங்கு கொள்ளும் உயர் அடர்த்தி வகை. நான் மறுத்து எதுவும் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவர் பொய் பேசுகிறவர் அல்ல. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் வீட்டு அலமாரியில் மூன்று டிஸ்கெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் பாட்டுகளை இன்றுவரை என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. மூன்றும் ஹெச்டி. மூன்றும் டிடி டிரைவில் எழுதப்பட்டவை. அவற்றை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மற்ற நேரமெல்லாம் இசைதான். தோ பாயோவில் அவர் வீட்டின் சின்ன அறையில் ஒரு கீபோர்டு, ஒரு சவுண்ட் மாடியூல், அவற்றுக்கு நடுவே ஓர் அட்டாரி 1040 எஸ்டி. 1990-இல் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் மிடி செருகுவாய்கள் அதன் பக்கவாட்டிலேயே இருந்ததால் அந்தக் காலத்தில் இசைக்காரர்கள் பலர் அதைத்தான் தேடி வாங்கினார்கள். மாமா அதில் கியூபேஸ் என்ற இசை மென்பொருளை வைத்து, சமூக மன்றத்துப் பொங்கல் விழாவுக்கு, பிள்ளைகளின் நாட்டிய நாடகத்துக்கு, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று சொந்தமாக மெட்டுப் போடுவார். இரவு வேலை முடிந்து வந்து, அத்தை எழுந்து வாசலில் கோலம் போடும் நேரம்வரை ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டு சில பத்து கிலோபைட்தான் வரும். ஒரு டிஸ்கெட்டில் கணிசமான பாட்டுகளைச் சேர்த்துவிடலாம். ஆனால் மாமா ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு டிஸ்கெட் என்று வைத்திருந்தார். லேபிளில் நீல மையில் நிகழ்ச்சியின் பெயர், தேதி, யார் பாடினார்கள் என்பதுவரை எழுதுவார்.

டிஸ்கெட் வாங்கித் தருவது என் பொறுப்பு. நான் அப்போது பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு வாரம் ஒருமுறையாவது போய்விடுவேன். முதல் இரண்டு மூன்று வருடம் டிடி பெட்டிகள் எளிதாகக் கிடைத்தன. அப்புறம் கடைக்குக் கடை குறைந்தன. ஐபிஎம் 1987-இல் தன் பிஎஸ்/2 கணினிகளில் 1.44 மெகாபைட் ஹெச்டி டிரைவை வைத்ததிலிருந்தே மற்றவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 90-களின் நடுவில் கடைக்காரர்கள் டிடி கேட்டால் தலையசைத்துவிட்டு ஹெச்டி பெட்டியை எடுத்து நீட்டினார்கள். அதன் விலையும் குறைந்துகொண்டே வந்தது. நான் வாங்கிக்கொண்டு போனேன். மாமா பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது வேற மாதிரி இருக்கேடா, இன்னொரு பக்கமும் ஓட்டை இருக்கு" என்றார். "அதே டிஸ்கெட்தான் மாமா, போடுங்க, எழுதும்" என்றேன். போட்டார். டிரைவ் வழக்கம்போல டக்டக்கென்று ஒவ்வொரு தடமாக நகர்ந்து ஃபார்மேட் செய்து முடித்தது. எழுதியது. எழுதியதை அப்போதே படித்தும் காட்டியது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த டிரைவுக்கு மறுக்கத் தெரியாது

மூன்றரை அங்குல ஹெச்டி டிஸ்கெட்டில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று எழுதுவதைத் தடுக்கும் சின்னக் கதவு உள்ளது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது துளைதான் "நான் ஹெச்டி" என்று டிரைவுக்குச் சொல்வது. டிடி டிஸ்கெட்டில் அந்த இடம் மூடியே இருக்கும். மாமாவின் அட்டாரியில் இருந்தது போன்ற பழைய டிரைவில் அந்தத் துளையைத் தேடிப் பார்க்கும் உறுப்பே கிடையாது. அது செய்யப்பட்டபோது உலகில் ஒரே வகை மூன்றரை அங்குலத் தட்டுத்தான் என்ற நினைப்பில் செய்யப்பட்டது. எதைப் போட்டாலும் டிடி என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 9 பகுதி, பகுதிக்கு 512 பைட், இரண்டு பக்கம்: மொத்தம் 7,37,280 பைட். இதைத்தான் 720 கிலோபைட் என்கிறோம். ஹெச்டியிலும் அதே 80 தடம்தான், சுழலும் வேகமும் அதே நிமிடத்துக்கு 300 சுற்றுதான். தடத்துக்கு 18 பகுதி என்பதுதான் வேறுபாடு. ஒரே நீளத்தில் இரட்டிப்புத் தகவல், அதனால் நொடிக்கு 250 கிலோபிட்டுக்குப் பதில் 500 கிலோபிட்.

இந்த அடர்த்தியைத் தாங்குவதற்காக ஹெச்டி தட்டின் காந்தப் பூச்சே வேறு மாதிரி செய்யப்பட்டது. பூச்சு மெலிதானது, அதன் காந்தத்தைப் புரட்டக் கூடுதல் விசை வேண்டும். இந்த விசையை ஓர்ஸ்டெட் என்ற அலகில் அளக்கிறார்கள். மூன்றரை அங்குல டிடி தட்டுக்கு ஏறக்குறைய 600 சொச்சம், ஹெச்டிக்கு 700 சொச்சம். டிடி டிரைவின் எழுதும் தலையில் பாயும் மின்னோட்டமோ டிடி தட்டுக்கென்று அளந்து வைத்தது. ஆக, ஹெச்டி தட்டில் அது எழுதும்போது வேண்டிய அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் எழுதுகிறது. கொஞ்சம்தான். அதனால்தான் எழுதிய கையோடு படித்தால் எல்லாம் சரியாக வருகிறது. என் நண்பரின் பத்து வருட அனுபவமும் இந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது.

இதே கேள்விக்கு நான் படித்த காலத்தில் முற்றிலும் வேறு பதில் இருந்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஐந்தேகால் அங்குல டிரைவ் கொண்ட பழைய எக்ஸ்டி கணினிகள் ஒரு வரிசை இருந்தன. 360 கிலோபைட் டிரைவ். யாராவது 1.2 மெகாபைட் தட்டை வாங்கிவந்து அதில் ஃபார்மேட் செய்யப் பார்த்தால், தடம் 0 கெட்டது, இந்தத் தட்டு உதவாது என்று திரையில் வந்துவிடும். தப்பித் தவறி ஃபார்மேட் ஆனாலும் மறுநாள் கோப்பு இருக்காது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் "அடர்த்தியைக் கலக்காதீர்கள்" என்று மறுபடி மறுபடி சொல்வார். காரணம் எளிது: ஐந்தேகாலில் டிடிக்கு 300 ஓர்ஸ்டெட், ஹெச்டிக்கு 600. சரியாக இரண்டு மடங்கு. அங்கே பிடிப்பு என்பதே இல்லை. அதனால் ஏமாற்றமும் இல்லை, முதல் நாளே தெரிந்துவிடும். மூன்றரையில் இடைவெளி சிறியது. இப்போது யோசித்தால், இந்த விஷயத்தில் இத்தனை வருடமாக நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, ஒருவர் ஐந்தேகாலை மனதில் வைத்துக்கொண்டும் மற்றவர் மூன்றரையை மனதில் வைத்துக்கொண்டும் பேசியதுதான் என்று படுகிறது. நானும் பாடம் எடுத்தவர் சொன்னதைக் கேட்டவன்தான். மூன்றரையில் அது பொய்த்துப்போனதைப் பார்த்ததும், அவர் எச்சரித்த விஷயமே இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். என் பிழை அங்கே தொடங்கியது.

பெட்டி என் கைக்கு வந்தபோது

மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. போன வருடம் அத்தை பெரிய வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்கு மாறினார். பாதிச் சாமான் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போயிற்று. நல்லவேளை, டிஸ்கெட் பெட்டி போகவில்லை. "உன் மாமா கையெழுத்து இருக்கு தம்பி, எனக்குத் தூக்கிப்போட மனசு வரலை. நீயே வெச்சுக்க" என்று கொடுத்தார். ரொட்டித் தகரப் பெட்டி. உள்ளே 31 டிஸ்கெட்டுகள். 12 டிடி, 19 ஹெச்டி. அட்டாரி எப்போதோ கெட்டுப்போய் எறியப்பட்டிருந்தது.

இந்த ஊரின் ஈரக்காற்றில் முப்பது வருடம் என்பது காந்தத் தட்டுக்குச் சாதாரண விஷயம் அல்ல. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இங்கே வீட்டுக்கு வீடு உலர்பெட்டி வைத்திருக்கிறோம், டிஸ்கெட்டுக்கு யார் வைத்தார்கள்? முதல் வேலையாக ஒவ்வொன்றிலும் எழுதுதடைக் கதவைத் திறந்துவைத்தேன், தவறியும் எதுவும் எழுதப்பட்டுவிடக் கூடாது என்று. அப்புறம் உலோக மூடியை விலக்கி, தட்டை விரலால் மெதுவாகச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டில் வெள்ளைப் புள்ளிகள். அவற்றைத் தனியே வைத்தேன். பூஞ்சை பிடித்த ஒரு தட்டை அப்படியே டிரைவில் போட்டால் அது தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல தட்டையும் கீறிவிடும். இதை மட்டும் யாரும் அவசரத்தில் மறந்துவிட வேண்டாம்.

மடிக்கணினியில் யுஎஸ்பி பிளாப்பி டிரைவைச் செருகி, முதலில் டிடி டிஸ்கெட்டுகளைப் போட்டேன். மாமாவின் அட்டாரியில் இயங்குதளம் 1.04 பதிப்பு, அது ஃபார்மேட் செய்யும் தட்டை டாஸ் கணினியும் படிக்கும். அது ஒரு கொடுப்பினை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் திறந்தன. பூஞ்சை இருந்த ஒன்றைத் தவிர பதினொன்றும் முழுசாக வந்தன. 1991-இல் எழுதியது கூட வந்தது. ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்துக்குள் சுருக்கிய பாட்டுப் பெயர்கள் வரிசையாக நின்றன. எனக்கு நெஞ்சு அடைத்தது.

அடுத்தது ஹெச்டி. முதல் தட்டைப் போட்டேன். டிரைவ் கொஞ்ச நேரம் கரகரவென்று தேடியது. பிறகு திரையில் ஒரு பெட்டி: இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா? இரண்டாவது தட்டு, அதே கேள்வி. மூன்றாவது, நான்காவது. பூஞ்சை பிடித்த ஒன்றைத் தவிர பதினெட்டையும் போட்டு முடித்தேன், பதினெட்டு முறையும் அதே கேள்விதான் வந்தது. அன்றிரவு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டிடிகள் பிழைத்துவிட்டன, நான் கொண்டுபோய்க் கொடுத்த ஹெச்டி எல்லாம் போய்விட்டன என்றுதான் நினைத்தேன். மாமாவின் பிற்காலப் பாட்டுகள் எல்லாம் அந்தப் பத்தொன்பதில்தான் இருந்தன. அவர் பேத்தி பிறந்தபோது போட்ட தாலாட்டு அதில்தான் இருந்தது. "அதே டிஸ்கெட்தான் மாமா" என்று சொன்னது நான்.

மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. பதினெட்டும் ஒரே மாதிரி, ஒரே நொடியில், ஒரே கேள்வியோடு எப்படிச் சாகும்? சாவு அப்படி வராது. ஒன்று பாதி படிக்கும், ஒன்று நடுவில் தடுக்கும், ஒன்று பட்டியலைக் காட்டிவிட்டுக் கோப்பை மறுக்கும். இத்தனை ஒழுங்காக மறுக்கிறது என்றால் மறுப்பது தட்டு அல்ல, டிரைவ். யுஎஸ்பி டிரைவ் புதியது. அதற்குத் துளையைப் பார்க்கத் தெரியும். இரண்டாவது துளையைக் கண்டதும் இது ஹெச்டி என்று முடிவுசெய்து, நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் 18 பகுதிகளைத் தேடுகிறது. ஆனால் அந்தத் தட்டில் மாமாவின் அட்டாரி 250 கிலோபிட் வேகத்தில் 9 பகுதிகளைத்தான் எழுதியிருக்கிறது. எழுதியவருக்குத் துளை தெரியவில்லை, படிப்பவருக்குத் துளை மட்டுமே தெரிகிறது. நடுவில் பாட்டுகள் பத்திரமாகவே இருக்கக்கூடும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். மேசையில் இருந்த செல்லோடேப்பைக் கிழித்துத் துளையின் மேல் ஒட்டிப் போட்டேன். மறுபடி அதே கேள்வி. வெளியே எடுத்துப் பார்த்தால் டேப் துளைக்குள் குழிந்திருந்தது. டிரைவுக்குள் இருக்கும் சின்ன ஊசி அந்த மெல்லிய டேப்பை அழுத்திக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. (ஒளியால் துளையைப் பார்க்கும் டிரைவ்களும் உண்டு. அவற்றில் செல்லோடேப் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.) மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, அடியில் ஒரு துண்டு அட்டை வைத்து, இரு பக்கமும் மடித்து அழுத்தி ஒட்டினேன். உலோக மூடியில் படாமல் ஓரத்தைக் கத்தரித்தேன். போட்டேன். கரகரவென்ற சத்தம் இல்லை. ஒரு நொடி அமைதி, அப்புறம் டக்டக்டக். அட்டாரி டிரைவில் கேட்ட அதே சத்தம். பெயர்ப் பட்டியல் வந்தது. 1996, பொங்கல். பதினான்கு கோப்புகள். முதல் கோப்பைத் திறந்து கணினியின் மட்டமான பியானோ ஒலியில் ஓடவிட்டேன். எனக்குத் தெரிந்த பாட்டு. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் இடத்தை நான்தான் ஒரு விரலால் வாசித்தேன், மாமா அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார். தாளம் ஓர் இழை பிந்தி விழுகிறது. அத்தையைக் கூப்பிட்டு ஃபோனைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எதுவும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் "இன்னொருவாட்டி போடு" என்றார்.

கூட்டாமல் போட்ட கோலம்

இத்தோடு முடிந்திருந்தால் என் நண்பர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். கறுப்பு டேப் ஒட்டியபின் 19-இல் 12 முழுதாகத் திறந்தன. மீதி ஏழில் பூஞ்சை பிடித்த ஒன்றை நான் போடவே இல்லை, ஆறு தடுமாறின. இம்முறை உண்மையான தடுமாற்றம்: பட்டியல் வந்து கோப்பு வராமல், ஒரு பக்கம் படித்து மறுபக்கம் நின்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இந்த ஆறும் ஏன்?

ஏழையும் மேசையில் பரப்பி லேபிள்களைப் பார்த்தேன். ஆறிலும் மாமாவின் லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிளின் ஓரம் தெரிந்தது. அவை புதுப் பெட்டியில் வந்தவை அல்ல. என் அலுவலகத்தில் கழித்துப்போட்ட டிஸ்கெட்டுகளை, வீணாகப் போகிறதே என்று நான் எடுத்துவந்து மாமாவிடம் கொடுத்தவை. அவற்றில் ஏற்கெனவே 1.44 மெகாபைட்டில், ஹெச்டி டிரைவால், அந்தத் தட்டுக்கு உரிய முழு விசையோடு ஏதேதோ எழுதப்பட்டிருந்தது. பிளாப்பி டிரைவ் புதிதாக எழுதும் முன் பழையதைத் தனியாக அழிப்பதில்லை, மேலேயே எழுதுகிறது. அட்டாரியின் மெலிந்த கை அதன்மேல் எழுதியபோது பழையது முழுதாக மறையவில்லை. அத்தை வாசலில் நேற்றைய கோலத்தைக் கூட்டாமல் அதன்மேலேயே இன்றைய கோலத்தைப் போட்டால் எப்படி இருக்கும்? போட்ட நேரத்தில் புதுமாவு வெள்ளையாகத் தெரியும். மாலைக்குள் இரண்டும் ஒரே மங்கலாகி, எந்தப் புள்ளி எந்தக் கோலத்தினுடையது என்று தெரியாது. புதுப் பெட்டியில் வந்த 11-இல் பூஞ்சை பிடித்த ஒன்று போக மற்ற பத்தும் வந்துவிட்டன. நான் வாங்கிய அந்தப் பெட்டிகள் ஃபார்மேட் செய்யப்படாமல் வந்தவை. அங்கே பழைய கோலம் இல்லை.

இதில் என்னை அசைத்துப் போட்டது இன்னொன்று. அலுவலகத்திலிருந்து வந்தவை மொத்தம் எட்டு. ஆறு தடுமாறின என்றேன், மற்ற இரண்டும் குறையே இல்லாமல் வந்தன. அவற்றின் லேபிள் மூலையில் பென்சிலில் "சுத்தம்" என்று மாமா எழுதியிருந்தார். என்ன சுத்தம் என்று புரியவில்லை. மாமாவோடு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: "நம்ம ஸ்டுடியோவில் ஸ்பூல் டேப்பை மொத்தமாக அழிக்கிற காந்தப்பெட்டி இருந்ததே, அதில் ரெண்டு டிஸ்கெட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு போனார். பழைய சத்தம் அடியில் நிற்கும், டேப்பில் அப்படித்தானே என்றார்." மாமாவுக்கு ஓர்ஸ்டெட் கணக்கு எதுவும் தெரியாது. பழைய கேசட்டின் மேல் பதிந்தால் மெல்லிய இடத்தில் அடிப்பாட்டு கசியும் என்பது தெரியும். அந்தக் காது அறிவை வைத்து அவர் டிஸ்கெட்டையும் சந்தேகப்பட்டிருக்கிறார். ஏன் எட்டையும் அப்படிச் செய்யவில்லை? நான் "தேவையில்லை மாமா, எழுதுகிறதே" என்று சொல்லியிருப்பேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வயதில் நான் சொல்லக்கூடியது அதுதான்.

எட்டுத் தட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் காரணமும் கண்ணெதிரே கண்டதும் இவ்வளவு பொருந்தும்போது என்னால் வேறுவிதமாக நினைக்க முடியவில்லை. டிடி டிரைவில் ஹெச்டி தட்டைத்தான் போட்டாக வேண்டும் என்ற நிலை இருந்தால், முன்பு எழுதப்படாத தட்டாக இருக்கட்டும், அல்லது காந்தத்தால் மொத்தமாக அழித்துவிட்டுப் போடுங்கள், கடைசிப் பிரதியாக அதை நம்பாதீர்கள். இதற்கு நேர்மாறாக, டிடி தட்டில் சூடான சால்டரிங் கோலால் துளையிட்டு ஹெச்டியாக்கும் பழக்கமும் அன்று இருந்தது. என் நண்பர்கள் சிலர் செய்தார்கள். தடிப்பான பூச்சில் இரட்டிப்பு அடர்த்தியைத் திணிக்கும் அந்த வேலையை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். இன்று தட்டே கிடைப்பதில்லை என்பதால் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. சோனி 2010 ஏப்ரலில் அறிவித்துவிட்டு 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்திவிட்டது. இப்போது நம் கையில் இருப்பவை எல்லாம் பழைய இருப்புதான். பழைய கணினியை வைத்திருக்கும் என் நண்பரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஹெச்டி தட்டுதான் அகப்படுகிறது, அதிலும் யாரோ எழுதிப் பயன்படுத்தியது.

ஏழு தட்டுக்கும் கிரீஸ்வீசல் என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்றை வரவழைத்தேன். அது துளையையும் கோப்பையும் பற்றிக் கவலைப்படாமல், தலை உணரும் காந்த மாற்றங்களை அப்படியே நேரத்தோடு குறித்துக்கொள்ளும். அதை மாட்ட ஒரு பழைய டிரைவ் வேண்டும். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குச் சில வாரம் முன்பு, எதற்கென்று தெரியாமலே ஐந்து வெள்ளிக்கு வாங்கிவைத்த ஒன்று கைகொடுத்தது. தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரே தடத்தைப் பத்து முறை, இருபது முறை படிக்கவிட்டேன். ஒரு சுற்றில் வராத பகுதி இன்னொரு சுற்றில் வந்தது. வந்ததைச் சேர்த்துச் சேர்த்து நான்கு தட்டுகளை மீட்டேன். பூஞ்சைத் தட்டும் அதில் ஒன்று. சுத்தம் செய்தபின் அது எளிதாகவே வந்தது. அலுவலகத் தட்டுகளில் மூன்று மட்டும் அசையவில்லை. அவற்றின் சில பகுதிகளில் கிடைத்த எழுத்துகளைப் பார்த்தேன். மாமாவின் பாட்டுக்கு நடுவே ஒரு பொருட்பட்டியலின் துண்டு, யாருக்கோ எழுதிய கடிதத்தின் ஒரு வரி.

தாலாட்டு அந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

போன வாரம் நண்பரை மறுபடி பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. "நான் அவற்றைப் படித்துப் பார்த்துப் பதினைந்து வருஷம் இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டையும் கறுப்பு டேப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். மற்ற பாட்டுகளைப் பேத்தியின் ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டேன், சமைக்கும்போது கேட்கிறாராம். நேற்றும் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, "அந்தத் தாலாட்டு வந்துச்சா தம்பி?" என்றார். இன்னும் இல்லை அத்தை, டிரைவின் தலையைத் தடத்தின் நடுவிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி வைத்துப் படிக்கப் பார்க்கிறேன், ஓரத்தில் மாமா எழுதியது மட்டும் நிற்கலாம் என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. "சரி, மெதுவா பாரு" என்றார்.